மண்வாசனையைச் செய்யும் நொதி: மூன்று கார்பன்கள் எங்கே போயின?

கேள்வி சுருக்கமாக இதுதான். மழை நனைத்த மண்ணிலிருந்து எழும் வாசனைக்கு முக்கியக் காரணம் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள். ஸ்ட்ரெப்டோமைசீஸ் வகைப் பாக்டீரியாக்கள் அதை ஒரே ஒரு நொதியைக் கொண்டு உருவாக்குகின்றன என்று சொல்லப்படுகிறது. ஆனால் அந்த நொதி எடுத்துக்கொள்ளும் மூலப்பொருளில் 15 கார்பன் அணுக்கள் உள்ளன, ஜியோஸ்மினிலோ 12 மட்டுமே. ஆக்சிஜனேற்றம் செய்யும் துணை நொதிகள் எவையும் இல்லாமல் மூன்று கார்பன்களை வெட்டி நீக்குவது எப்படிச் சாத்தியமாகும்?

ஒரே நொதி என்பது உண்மைதான். அந்த மூன்று கார்பன்களும் ஒரே துண்டாக, ஓர் அசெட்டோன் மூலக்கூறாக வெளியேறுகின்றன. ஆய்வகங்களில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவப் பயன்படும் அதே அசெட்டோன்தான். இந்த விடையை எட்டுவதற்கு ஆய்வாளர்களுக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. அதற்குக் காரணம் வினை மிகச் சிக்கலானது என்பதல்ல. எல்லோரும் அதைத் தேவைக்கு மேல் சிக்கலாகக் கற்பனை செய்திருந்ததே என்பது என் கருத்து. எனவே நொதியை விளக்குவதற்கு முன், அந்தக் கற்பனை எங்கிருந்து வந்தது என்பதைச் சற்றுச் சொல்ல வேண்டும்.

மண்ணின் வாசனையை ஒரு வேதிப்பொருளாகப் பிடிக்கும் முயற்சி பழமையானது. 1891-ல் பிரெஞ்சு வேதியியலாளர்களான பெர்த்தலோவும் ஆந்த்ரேயும் மண்ணுக்கே உரிய மணத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அந்த மணத்தைத் தருவது மிக நுண்ணிய அளவில் இருக்கும் ஒரு கரிமப் பொருள் என்பது அப்போதே தெரிந்திருந்தது. ஆனால் அதைத் தனியாகப் பிரித்து இனங்காணும் கருவிகள் அன்று இல்லை. 1965-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் நான்சி கெர்பரும் ஹியூபர்ட் லெஷவாலியேயும் வளர்ப்பு ஊடகத்தில் வளர்த்த, ஸ்ட்ரெப்டோமைசீஸ் அடங்கிய ஆக்டினோமைசீட் பாக்டீரியாக்களிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து, கிரேக்க மொழியில் நிலத்தையும் மணத்தையும் குறிக்கும் இரு சொற்களைச் சேர்த்து ஜியோஸ்மின் என்று பெயரிட்டார்கள். இதோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் பெட்ரிகோர் என்ற சொல்லை ஆஸ்திரேலிய ஆய்வாளர்களான பேரும் தாமஸும் 1964-ல் உருவாக்கினார்கள். அது வறண்ட பாறையும் மண்ணும் உறிஞ்சி வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள்கள் உட்பட, முதல் மழையில் எழும் மணம் முழுவதையும் குறிக்கும். ஜியோஸ்மின் ஒரு தனிப் பொருளின் பெயர். இரண்டும் ஒன்றல்ல.

ஜியோஸ்மினின் அமைப்பு எளிது. இரண்டு அறுகோண வளையங்கள் ஒரு பக்கத்தைப் பகிர்ந்துகொண்டு ஒட்டியிருக்கின்றன. அவற்றின் மேல் இரண்டு மெத்தில் தொகுதிகளும், வளையங்கள் சந்திக்கும் இரு மூலைகளில் ஒன்றில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியும் உள்ளன. 12 கார்பன், 22 ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். மூலக்கூறு நிறை ஏறத்தாழ 182. இதன் இரு கண்ணாடிப் பிம்ப வடிவங்களில் இயற்கையில் உருவாவது இடஞ்சுழி வடிவம் மட்டுமே. மனித மூக்குக்கும் அதுவே ஏறக்குறைய பத்து மடங்கு வலுவாக உறைக்கிறது. தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 10 நானோகிராம் என்ற அளவிலேயே பலர் அதை உணர்ந்துவிடுகிறார்கள்.

இங்குதான் 12 என்ற எண் உறுத்தத் தொடங்குகிறது. உயிரினங்கள் உருவாக்கும் டெர்பீன்கள் என்ற பெருங்குடும்பத்தின் உறுப்பினர்கள் ஐந்து கார்பன் கொண்ட கண்ணிகளைக் கோத்துச் செய்யப்படுபவை. ஆகவே அவற்றின் கார்பன் எண்ணிக்கை பொதுவாக 10, 15, 20 என்றே அமையும். ஜியோஸ்மினின் வளைய அமைப்பு டெர்பீன்களையே நினைவூட்டியது, எண்ணிக்கை மட்டும் ஒத்துவரவில்லை. 1981-ல் பென்ட்லியும் மெகநாதனும் பின்தொடரக்கூடிய அணுக்களால் குறியிட்ட மூலப்பொருள்களை ஸ்ட்ரெப்டோமைசீஸுக்கு ஊட்டி, ஜியோஸ்மின் ஐந்து கார்பன் கண்ணிகளிலிருந்தே வருகிறது என்பதற்குச் சான்று தந்தார்கள். அதாவது அது 15 கார்பன் கொண்ட செஸ்குவிடெர்பீன் ஒன்று சிதைந்து உருவான பொருள். மூன்று கார்பன் எங்கோ கழன்றுபோயிருக்க வேண்டும்.

கரிம வேதியியல் படித்தவர் எவரும் கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையிலுள்ள பிணைப்பை முறிக்க வேண்டும் என்றால், முதலில் ஆக்சிஜனேற்றத்தையே நினைப்பார். உயிரணுக்களில் இவ்வகை வேலையைப் பெரும்பாலும் இரும்பைத் தாங்கிய ஆக்சிஜனேற்ற நொதிகள் செய்கின்றன. அவற்றுக்கு மூலக்கூறு ஆக்சிஜனும் எலக்ட்ரானை ஏற்றிவரும் துணைக்காரணிகளும் வேண்டும். ஆகவே ஜியோஸ்மின் உருவாகும் பாதையிலும் முதலில் வளையமாக்கும் நொதி ஒன்று, பிறகு ஆக்சிஜனேற்றும் நொதிகள், இறுதியில் மீண்டும் ஒடுக்கும் நொதி என்று ஒரு வரிசை இருக்கும் என எதிர்பார்ப்பது அறிவுக்குப் பொருத்தமாகவே இருந்தது. அந்த எதிர்பார்ப்பைக் குறை சொல்ல முடியாது. அது தவறாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

திருப்புமுனையாக அமைந்தது 2002-ல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசீஸ் சீலிகலரின் முழு மரபணுத்தொகை. ஏறத்தாழ 87 லட்சம் எழுத்துகள் கொண்ட, இரு முனைகளும் திறந்த நேர்கோட்டுக் குரோமோசோம் அது. அதில் 7,800-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இனங்காணப்பட்டன. பாக்டீரியா ஒன்றுக்கு இது பெரிய எண்ணிக்கை. அந்தப் பட்டியலில் எஸ்சிஓ6073 என்று எண்ணிடப்பட்ட ஒரு மரபணு, அதுவரை யாரும் வேலை கண்டுபிடிக்காத ஒரு டெர்பீன் நொதியைக் குறித்தது. அதன் நீளம் 726 அமினோ அமிலங்கள். பாக்டீரியாவின் வழக்கமான டெர்பீன் வளைய நொதிகள் இதில் ஏறக்குறைய பாதி அளவுதான் இருக்கும். கூர்ந்து பார்த்தபோது, இந்த நீண்ட புரதத்தின் முன்பாதியும் பின்பாதியும் தனித்தனியே டெர்பீன் நொதிகளை ஒத்திருந்தன. இரண்டு நொதிகள் ஒரே சங்கிலியில் முதுகோடு முதுகாகக் கோக்கப்பட்டதுபோன்ற அமைப்பு அது.

2003-ல் இரண்டு முடிவுகள் வந்தன. பிரவுன் பல்கலைக்கழகத்தின் டேவிட் கேனும் அவருடன் பணியாற்றியவரும் இந்தப் புரதத்தை வேறொரு பாக்டீரியாவில் தயாரித்துச் சோதித்து, அது 15 கார்பன் கொண்ட மூலப்பொருளான ஃபார்னெசில் டைபாஸ்பேட்டை ஜெர்மக்ராடையினால் என்ற 15 கார்பன் ஆல்கஹாலாக மாற்றுவதைக் காட்டினார்கள். அதே ஆண்டில் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தினர் உள்ளிட்ட குழு ஒன்று, சீலிகலரில் இந்த மரபணுவைச் சிதைத்தால் ஜியோஸ்மின் முற்றிலும் மறைந்துபோவதைக் காட்டியது. நொதி இதுதான் என்பது உறுதியாயிற்று. ஆனாலும் ஜெர்மக்ராடையினால் வரைதான் இந்த நொதியின் வேலை, அதன் பிறகு வேறு யாரோ வந்து மூன்று கார்பனை வெட்டுகிறார்கள் என்ற எண்ணம் அப்போதும் நீங்கவில்லை. ஜெர்மக்ராடையினாலை உருவாக்க முன்பாதி மட்டுமே போதும் என்பதும் தெரிந்திருந்தது. அப்படியானால் பின்பாதி எதற்கு? வேலையில்லாத முந்நூற்றுச் சொச்சம் அமினோ அமிலங்களைப் பாக்டீரியா ஏன் சுமந்துகொண்டிருக்க வேண்டும்?

2006-ல் கேன் குழுவே இதற்கு விடை தந்தது. முழு நீளப் புரதத்தை எடுத்து, மூலப்பொருளையும் மக்னீசியம் அயனிகளையும் தவிர வேறு எதையும் சேர்க்காமல் வைத்தபோது, கலவையில் ஜெர்மக்ராடையினாலோடு ஜியோஸ்மினும் இருந்தது. துணை நொதி இல்லை, ஆக்சிஜனேற்றத் துணைக்காரணி இல்லை, ஒடுக்கும் துணைக்காரணியும் இல்லை. அடுத்த ஆண்டு இரு பாதிகளையும் தனித்தனியே ஆராய்ந்தபோது பங்கீடு தெளிவாயிற்று: முன்பாதி ஃபார்னெசில் டைபாஸ்பேட்டை ஜெர்மக்ராடையினாலாக மாற்றுகிறது; பின்பாதி ஜெர்மக்ராடையினாலை ஜியோஸ்மினாக மாற்றுகிறது. முன்பாதியின் முக்கிய அமினோ அமிலங்களை மாற்றிக் கெடுத்தால் முதல் படி நின்றுபோகிறது. பின்பாதியைக் கெடுத்தால் ஜெர்மக்ராடையினால் வரை வந்து வினை நின்றுவிடுகிறது.

இனி வினையின் உள்ளே செல்லலாம்.

ஃபார்னெசில் டைபாஸ்பேட் என்பது 15 கார்பன் கொண்ட நெகிழ்வான நீண்ட சங்கிலி. அதன் தலையில், முதல் கார்பனில், இரண்டு பாஸ்பேட்டுகள் இணைந்த தொகுதி ஒன்று தொங்குகிறது; வாலில், பத்தாம் கார்பனுக்கும் பதினொன்றாம் கார்பனுக்கும் இடையே ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. நொதியின் முன்பாதியில் உள்ள குழிக்குள் இந்தச் சங்கிலி நுழைந்ததும், ஆஸ்பார்டிக் அமிலங்கள் செறிந்த ஒரு பகுதியும் அதற்கு எதிரே உள்ள மற்றொரு பகுதியும் சேர்ந்து மூன்று மக்னீசியம் அயனிகளைப் பிடித்துக்கொள்கின்றன. இந்த மூன்று நேர்மின் அயனிகளும் எதிர்மின் பாஸ்பேட்டைக் கவ்வி இழுக்கின்றன. பாஸ்பேட் பிணைப்பு எலக்ட்ரான்களோடு கழன்றுகொள்ள, முதல் கார்பன் எலக்ட்ரான் பற்றாக்குறையோடு நேர்மின்னூட்டம் பெற்று நிற்கிறது. இத்தகைய கார்பன் நேரயனி ஒரு நொடியின் மிகச் சிறு பின்னத்துக்குமேல் தனியாகத் தாக்குப்பிடிக்காது. அருகில் எங்கே எலக்ட்ரான் கிடைத்தாலும் பாய்ந்து பிடித்துக்கொள்ளும்.

நொதியின் திறமை முழுவதும் இந்தப் பாய்ச்சலை நெறிப்படுத்துவதில் இருக்கிறது. குழியின் சுவர்கள் சங்கிலியை ஒரு குறிப்பிட்ட வடிவில் மடித்து வைத்திருப்பதால், முதல் கார்பனுக்கு மிக அருகில் இருப்பது வாலின் இரட்டைப் பிணைப்பாகவே அமைகிறது. முதல் கார்பன் பத்தாம் கார்பனோடு பிணைந்ததும் பத்து கார்பன் கொண்ட பெரிய வளையம் உருவாகிறது. நேர்மின்னூட்டம் பதினொன்றாம் கார்பனுக்கு நகர்கிறது. அங்கிருந்து சில ஹைட்ரஜன்கள் இடம் மாறுகின்றன, முதல் கார்பனில் இருந்த இரண்டு ஹைட்ரஜன்களில் ஒன்று வெளியேறுகிறது, ஒரு தண்ணீர் மூலக்கூறு பதினொன்றாம் கார்பனில் வந்து அமர்கிறது. இதன் விளைவுதான் ஜெர்மக்ராடையினால்: பத்து கார்பன் வளையம் ஒன்று, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று கார்பன் கை ஒன்று, அந்தக் கையின் நடுக் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில். எந்த மூன்று கார்பன்கள் காணாமல்போயின என்ற கேள்விக்கு விடை இந்தக் கைதான். அது வெட்டப்படுவதற்கு முன்பே, வெட்டுவதற்கு வசதியான பிடி ஒன்று அதில் பொருத்தப்பட்டுவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

முன்பாதி தன் வேலையை அப்பழுக்கின்றிச் செய்வதில்லை. ஒரு பகுதி மூலக்கூறுகளில் நேரயனி வேறு வழியில் திரும்பி, தண்ணீரைப் பிடிக்காமல் ஜெர்மக்ரீன் டி என்ற ஹைட்ரோகார்பனாக முடிந்துவிடுகிறது. அதை ஜியோஸ்மினாக மாற்றும் வழி நொதியிடம் இல்லை, அது வீண். நொதிகள் கச்சிதமானவை, ஒன்றைத் தவிர வேறெதையும் செய்யாதவை என்று பாடநூல்கள் தரும் சித்திரம் டெர்பீன் நொதிகளைப் பொறுத்தவரை அவ்வளவு பொருந்தாது. இத்தனை வினைத்துடிப்புள்ள ஓர் இடைநிலையைக் கையாளும்போது சிறிது சிந்துவது இயல்பே.

ஜெர்மக்ராடையினால் பின்பாதியின் குழிக்குள் சென்றதும் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. இங்கே ஒரு வினோதம் உண்டு. பின்பாதியும் அமினோ அமில வரிசையில், பாஸ்பேட்டைக் கழற்றித் தொடங்கும் நொதிகளின் குடும்பத்தையே சேர்ந்தது. ஆனால் அதற்கு வந்து சேரும் பொருளில் கழற்றுவதற்குப் பாஸ்பேட் இல்லை. எனவே தொடக்கம் வேறுவிதமாக நடக்கிறது: வளையத்தில் உள்ள ஓர் இரட்டைப் பிணைப்பின்மேல் ஒரு புரோட்டான் ஏற்றப்படுகிறது. அதனால் உண்டாகும் நேரயனி வளையத்தின் எதிர்ப்புறத்தில் உள்ள மற்றோர் இரட்டைப் பிணைப்பை இழுத்துக்கொள்ள, பத்து கார்பன் வளையத்தின் குறுக்கே புதுப் பிணைப்பு விழுகிறது. ஒரு பெரிய வளையம் இரண்டு அறுகோணங்களாகப் பிரிகிறது.

இப்போது நேர்மின்னூட்டம் இருக்கும் இடமே முக்கியம். மூன்று கார்பன் கை பொருந்தியிருக்கும் கார்பனுக்கு அடுத்த கார்பனில் அது நிற்கிறது. அந்தக் கையின் ஹைட்ராக்சில் தன் புரோட்டானை விட்டுவிடுகிறது. ஆக்சிஜனுக்கும் கார்பனுக்கும் இடையே இரட்டைப் பிணைப்பு உருவாகிறது. கைக்கும் வளையத்துக்கும் இடையிலிருந்த பிணைப்பின் எலக்ட்ரான்கள் வளையத்துக்குள் சென்று அங்கிருந்த குறையை நிரப்புகின்றன. கை கழன்றுவிட்டது. கழன்ற கையைத் தனியாகப் பார்த்தால், நடுக் கார்பனில் இரட்டைப் பிணைப்பால் இணைந்த ஆக்சிஜன், இரு பக்கமும் மெத்தில்: அது அசெட்டோன்.

கரிம வேதியியலில் இதற்கு முன்மாதிரி உண்டு. கார்பனைல் சேர்மம் ஒன்றை இரட்டைப் பிணைப்புள்ள மற்றொரு சேர்மத்தோடு அமிலத்தின் துணையால் இணைக்கும் வினையை ஹென்ட்ரிக் பிரின்ஸ் 1919-ல் விவரித்தார். அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. இங்கே நடப்பது அதன் தலைகீழ்: சேர்ந்திருப்பது பிரிகிறது. பாடநூலில் எல்லோரும் படித்த வினையின் மறுபக்கத்தை நொதி பயன்படுத்தியிருக்கிறது. ஆக்சிஜனேற்றம் தேவைப்படாததன் காரணமும் இதுதான். கார்பன் பிணைப்பை முறிக்கத் தேவையான உந்துதலைப் பக்கத்திலிருக்கும் நேர்மின்னூட்டமே தந்துவிடுகிறது. அசெட்டோன் வெளியேறுவதை நேரடியாகக் காட்டும் ஆய்வு 2008-ல் வெளிவந்தது.

கை கழன்றபின் எஞ்சுவது 12 கார்பனும் ஓர் இரட்டைப் பிணைப்பும் கொண்ட ஆக்டலின் வகை ஹைட்ரோகார்பன். அதன் இரட்டைப் பிணைப்பின்மேல் மீண்டும் ஒரு புரோட்டான் ஏறுகிறது. பக்கத்து மூலையிலிருந்து ஒரு ஹைட்ரஜன் தன் எலக்ட்ரான்களோடு தாவி வருகிறது. அதனால் நேர்மின்னூட்டம் இரு வளையங்களும் சந்திக்கும் மூலைக்குச் சென்று சேர்கிறது. அங்கே இரண்டாவது தண்ணீர் மூலக்கூறு வந்து பிணைகிறது. ஜியோஸ்மின் முடிந்தது. டியூட்டீரியம் என்ற கனஹைட்ரஜனைக் குறிப்பிட்ட இடங்களில் பொருத்திய மூலப்பொருள்களைக் கொடுத்து, ஒவ்வொரு ஹைட்ரஜனும் இறுதியில் எங்கே போய்ச் சேர்கிறது என்று பின்தொடர்ந்தே இந்தப் படிகள் நிறுவப்பட்டன.

கணக்கைச் சரிபார்த்துக்கொள்ள விரும்புபவர்களுக்கு: ஜெர்மக்ராடையினாலின் மூலக்கூறு நிறை 222. அதில் அசெட்டோனின் 58 போனால் 164, அதுதான் ஆக்டலின். அதோடு தண்ணீரின் 18 சேர்ந்தால் 182, அதாவது ஜியோஸ்மின். ஜெர்மக்ராடையினாலில் இருந்த ஆக்சிஜன் அசெட்டோனோடு போய்விட்டது. ஜியோஸ்மினில் இருக்கும் ஆக்சிஜன் பிறகு வந்த வேறொரு தண்ணீருக்கு உரியது. இரண்டும் ஒரே ஆக்சிஜன் என்று எண்ணிவிடுவது எளிது. அப்படி எண்ணினால் வினைவழி முழுவதும் குழம்பிவிடும்.

தண்ணீரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த நொதியில் என்னை மிகவும் வியக்க வைப்பது அதுதான். கார்பன் நேரயனிக்குத் தண்ணீர் மிக எளிதில் கிடைக்கும் எலக்ட்ரான் ஊற்று. உயிரணுவோ பெரும்பகுதி தண்ணீரால் ஆனது. நேரயனி உருவான மறுகணமே தண்ணீர் புகுந்துவிட்டால் வளையம் எதுவும் உருவாகாமல் வெறும் நேர்ச்சங்கிலி ஆல்கஹால்தான் மிஞ்சும். ஆகவே டெர்பீன் நொதிகளின் குழிகள் தண்ணீரை விலக்கும் அமினோ அமிலங்களால் பூசப்பட்டு, மூலப்பொருள் நுழைந்ததும் வாய் மூடிக்கொள்ளும்படி அமைந்திருக்கின்றன. ஜியோஸ்மின் நொதியோ இதற்குமேல் ஒரு படி செல்ல வேண்டியிருக்கிறது: தண்ணீரை வெளியே நிறுத்த வேண்டும், ஆனால் உரிய தருணத்தில் உரிய கார்பனுக்கு ஒரு மூலக்கூறை மட்டும் அனுமதிக்கவும் வேண்டும். அதுவும் இருமுறை, இரு வேறு குழிகளில்.

முன்பாதியின் முப்பரிமாண அமைப்பு 2015-ல் வெளியானது. டேவிட் கிறிஸ்டியான்சன் குழுவினர் கேனுடன் சேர்ந்து அதைப் படிகமாக்கி எக்ஸ் கதிர் முறையில் கண்டறிந்தார்கள். உண்மையான மூலப்பொருளை வைத்துப் படிகமாக்கினால் அது வினைபுரிந்து போய்விடும். எனவே எலும்பு நலிவு நோய்க்கு மருந்தாகப் பயன்படும் அலென்ட்ரோனேட் என்ற பொருளைப் பாஸ்பேட்டின் இடத்தில் வைத்து நொதியை ஏமாற்றினார்கள். மூன்று மக்னீசியம் அயனிகள் அதைக் கவ்வியிருக்க, குழியின் வாய் மூடிய நிலையில் அமைப்பு கிடைத்தது. திருகுசுருள்கள் கட்டாக நிற்க, அவற்றின் நடுவே குழி அமையும் இந்த வடிவம் டெர்பீன் நொதிகளில் நன்கு அறியப்பட்டது. பின்பாதியின் வடிவத்தை அந்த ஆய்வில் ஒப்புமை கொண்டு கணினி மாதிரியாகவே அமைத்தார்கள்.

இரண்டு பாதிகள் ஒரே சங்கிலியில் இருப்பதால், முதற்பாதியில் உருவானது குழாய் வழியே இரண்டாம் பாதிக்கு நேராகச் சென்றுவிடும் என்று பலர் எண்ணுவதுண்டு. கிடைத்திருக்கும் சான்றுகள் அந்த எண்ணத்துக்கு வலுச் சேர்க்கவில்லை. வினைக்கலவையில் ஜெர்மக்ராடையினால் தனியே சேர்ந்து நிற்பதும், வெளியிலிருந்து கொடுக்கப்படும் ஜெர்மக்ராடையினாலைப் பின்பாதி ஏற்றுக்கொள்வதும், இடைப்பொருள் ஒரு குழியிலிருந்து விடுபட்டு மற்றொரு குழியைச் சென்றடையும் என்பதையே காட்டுகின்றன. அப்படியானால் இரண்டையும் ஒட்டி வைத்ததன் பயன் என்ன? ஒரு மரபணு இயங்கினால் இரண்டு வேலையாட்களும் சம எண்ணிக்கையில், ஒரே இடத்தில் கிடைப்பார்கள் என்பது ஒரு நியாயமான ஊகம். அதற்குமேல் வலியுறுத்த நான் துணியமாட்டேன்.

இந்த நொதி சீலிகலருக்கு மட்டும் உரியதல்ல. அவெர்மெக்டின் மருந்துக்குப் புகழ்பெற்ற ஸ்ட்ரெப்டோமைசீஸ் அவெர்மிட்டிலிஸிலும், மிக்சோபாக்டீரியாக்களிலும், நீர்நிலைகளில் வாழும் நீலப்பச்சைப் பாக்டீரியாக்கள் சிலவற்றிலும் இதன் உறவினர்கள் உள்ளன. நாஸ்டாக் பங்டிஃபார்மியின் நொதியும் ஆராயப்பட்டு இதே வேலையைச் செய்வது காட்டப்பட்டிருக்கிறது. மண் நாற்றம் அடிக்கும் குடிநீரில் இவர்களின் கைவரிசையைக் காணலாம். நீலப்பச்சைப் பாக்டீரியா தன் உடலுக்குள் வைத்திருக்கும் ஜியோஸ்மின், உயிரணு சிதையும்போது நீரில் கலக்கிறது. உயிரணுக்களைக் கொல்லும் நோக்கில் குளோரினைச் சேர்த்தால் நாற்றம் அதிகரிப்பதும் உண்டு. நொதியின் கடைசிப் படியை நினைவுகூர்ந்தால் இதில் ஒரு நுட்பம் தெரியும். ஹைட்ராக்சில் வந்து அமர்ந்த மூலைக் கார்பன் மூன்று கார்பன்களால் சூழப்பட்டது. அதில் ஹைட்ரஜன் இல்லை. இத்தகைய மூவிணைய ஆல்கஹால்களைக் குளோரின் போன்ற ஆக்சிஜனேற்றிகளால் எளிதில் தாக்க முடியாது. அதனால்தான் நீர்ச் சுத்திகரிப்பில் கிளர்வூட்டிய கரியையும் ஓசோனையும் நாட வேண்டியிருக்கிறது. குடிநீரில் காணப்படும் அளவுகளில் ஜியோஸ்மின் உடலுக்குக் கேடு செய்வதில்லை. மூக்குதான் ஏற்க மறுக்கிறது. நொதியின் மரபணுவைத் தண்ணீரில் தேடி, நாற்றம் தொடங்கும் முன்பே எச்சரிக்கை பெறும் முறைகளும் உருவாகியுள்ளன. குளோரினைத் தாங்கினாலும், அமிலத்தை ஜியோஸ்மினால் தாங்க முடியாது: அது தண்ணீரை இழந்து, மணமற்ற ஆர்கோஸ்மினாக மாறிவிடும் என்று கெர்பர் குழுவினரே கண்டிருந்தார்கள்.

கடைசியாக, கேள்வியில் இல்லாத, ஆனால் இதைப் படிப்பவர் எவருக்கும் எழக்கூடிய ஐயம்: இத்தனை பாடுபட்டு ஒரு வாசனையைச் செய்வதால் பாக்டீரியாவுக்கு என்ன லாபம்? மனிதரின் மூதாதையர் நீரைத் தேடிச் செல்ல இந்த மணம் உதவியது என்று அடிக்கடி எழுதப்படுவதற்குச் சான்று மெல்லியது. அது உண்மையாகவே இருந்தாலும் பாக்டீரியா நமக்காக வாசனை செய்ய வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. வலுவான சான்று வேறு திசையில் கிடைத்திருக்கிறது. 1981-ன் ஆய்விலேயே, வித்து (பாக்டீரியா பரவ உதவும் ஸ்போர்) உண்டாக்கும் திறன் இழந்த ஸ்ட்ரெப்டோமைசீஸ் வகைகள் ஜியோஸ்மினையும் உருவாக்குவதில்லை என்பது தெரியவந்திருந்தது. 2020-ல் சுவீடனையும் இங்கிலாந்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், இந்த நொதியின் மரபணுவை வித்துருவாக்கத்தை ஆளும் கட்டுப்பாட்டுப் புரதங்களே இயக்குகின்றன என்றும், மண்ணில் வாழும் வால்தாவிகள் என்ற ஆறுகால் சிற்றுயிர்கள் அந்த மணத்தால் ஈர்க்கப்பட்டு வந்து ஸ்ட்ரெப்டோமைசீஸைத் தின்று, அதன் வித்துகளை உடலில் ஒட்டியும் எச்சத்தின் வழியாகவும் வேறிடங்களுக்குக் கொண்டுசெல்கின்றன என்றும் காட்டினார்கள்.

அதே மணம் எல்லோருக்கும் அழைப்பாக அமைவதில்லை. பழ ஈ ஜியோஸ்மினை உணர்வதற்கென்றே தனி உணர்வு நரம்பணு ஒன்றை வைத்திருக்கிறது. அதைத் தூண்டினால் ஈ விலகிச் செல்லும், முட்டையிடவும் மறுக்கும் என்று 2012-ல் கண்டறியப்பட்டது. நுண்ணுயிர்கள் பெருகிய, தனக்கு ஆகாத உணவைத் தவிர்க்க அது ஈக்கு உதவுகிறது. பாக்டீரியாக்களை மேயும் சிறு உருளைப்புழுக்களுக்கு ஜியோஸ்மின் ஓர் எச்சரிக்கையாக அமைகிறது என்று 2022-ல் ஒரு கனடா நாட்டு ஆய்வு கூறியது: ஸ்ட்ரெப்டோமைசீஸ் நஞ்சுகளைச் செய்வதில் கைதேர்ந்தது என்பதால், மணத்தை உணர்ந்து ஒதுங்குவது புழுவுக்கும் நல்லது, பாக்டீரியாவுக்கும் நல்லது. இந்த விளக்கங்களில் எது மூலக் காரணம், எவை பின்னர் வந்து சேர்ந்தவை என்று பிரிப்பது கடினம். வித்துருவாக்கத்தோடு மரபணு நேரடியாகக் கட்டுண்டிருப்பதால், வால்தாவிகளின் கதையே எனக்கு மற்றவற்றைவிட நம்பத்தக்கதாகப் படுகிறது.